டார்பியா, டவரா, பியர்லெஸ்ஸா? முதல் கைவிலங்கு எதை வாங்கலாம்?

தங்கச்சி வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை பார்க்கப் போனவர், துருப்பிடித்த இரும்புச் சங்கிலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மச்சான், வெள்ளக்காரன் காலத்து ஜெயில் விலங்குங்க. உங்களாட்ட நானும் சேர்க்கலாம்னு இருக்கறேன்."

வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வளையத்தின் உட்பக்கத் துருவோடு துருவாகச் செம்பட்டை மயிர் நாலைந்து ஒட்டியிருந்தது. குதிரையின் முன்னங்காலில் போடும் தளை அது. பூட்டும் சங்கிலியும் இருப்பதால் கால் விலங்கு என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார்கள். இந்த ஏமாற்று நம்மூர்ச் சந்தையில் மட்டும் நடப்பதில்லை. வெளிநாட்டு ஏலங்களிலும் கால்நடைத் தளைகள் கைதி விலங்காக வேஷம் கட்டுகின்றன.

சரி, ஆசை வந்துவிட்டது, அதைக் கெடுப்பானேன்? ஒரு நல்ல செகண்ட்ஹேண்ட் செல்போன் வாங்கும் பணம் கையில் இருக்கிறது, அதில் முதல் விலங்காக எதை வாங்கலாம் என்று கேட்டார். என் பெட்டியில் நாற்பது ஜோடிக்கு மேல் கிடக்கிறது. அதிலிருந்து டார்பி, டவர், பியர்லெஸ் மூன்றையும் எடுத்து மேஜையில் வைத்தேன். சந்தைக்கு அடிக்கடி வருவதும், ஆரம்பக்காரர்கள் போய் விழுவதும் இந்த மூன்றில்தான்.

டார்பி இங்கிலாந்துச் சரக்கு. ஆங்கில 'டி' எழுத்தைப் போல இரண்டு வளையம், நடுவில் இரண்டு மூன்று கண்ணி. பர்மிங்காமில் 1780 வாக்கில் தொடங்கிய ஹயாட் கம்பெனி செய்ததுதான் அதிகம் கிடைக்கும். அடிமை வியாபாரத்துக்கும் விலங்கு செய்து விற்ற பட்டறை அது. இதைத் தெரிந்துகொண்டு வாங்குவதுதான் நல்லது. பெயர் வந்த கதை வேறு மாதிரி. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'டார்பி அப்பனின் கட்டு' என்றொரு வழக்கு இருந்தது. கடன் வாங்கியவனை அசையவிடாமல் பிடிக்கும் பத்திரம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். மீட்டர் வட்டி பார்த்த ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

டார்பிக்கு ஒரே அளவுதான். இறுக்கவும் முடியாது, தளர்த்தவும் முடியாது. மணிக்கட்டு தடித்தவனுக்கு ஏறாது, ஒல்லியானவன் கையை உருவிக்கொள்வான். பூட்டுக்குள் ஸ்பிரிங்கோடு ஒரு தாழ், அந்தத் தாழின் நுனியில் மரை. சாவி என்பது உள்ளே மரை வெட்டிய ஒரு குழாய். அதைத் துளைக்குள் விட்டுச் சுற்றிக்கொண்டே போனால் தாழின் மரையைப் பிடித்துப் பின்னால் இழுக்கும், வளையம் திறக்கும். நட்டு போல்ட்டு தெரிந்தவனுக்கு டார்பி தெரியும். ஸ்பிரிங் இருப்பதால் பூட்டுவதற்குச் சாவியே வேண்டாம், அமுக்கினால் போதும்.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை அமுக்கிவிட்டார். இடது மணிக்கட்டில் 'டக்' என்று விழுந்தது. மேஜையில் இருந்ததோ சாவி இல்லாத ஜோடி.

தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு, விலங்கை அவிழ்ப்பதில் பேர்போன மேடை வித்தைக்காரர் ஹூடினிதான் ஞாபகத்துக்கு வந்தார். பழைய விலங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு ஷூ கயிறு போதும் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். கயிற்றில் சுருக்குப் போட்டு, உள்ளே இருக்கும் மரை நுனியில் மாட்டி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். மாப்பிள்ளை தன் கம்பெனி டிராயருக்குப் போடும் நாடாவை எடுத்துத் தந்தார், துளைக்குள் நுழையவே இல்லை. அப்புறம் மெழுகு பூசிய தையல் நூலை முறுக்கிப் போட்டோம். இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது முறை, முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தது. ஹூடினி மேடையில் எவ்வளவு நேரத்தில் செய்தாரோ, எங்களுக்கு அதற்குள் இரண்டு ரவுண்டு காபி முடிந்திருந்தது.

அடுத்தது டவர். அமெரிக்காவில் 1862இல் டபிள்யூ. வி. ஆடம்ஸ் என்பவர் பல் வைத்த விலங்குக்குக் காப்புரிமை வாங்கினார். யார் கையாக இருந்தாலும் அதற்கேற்ப ஒவ்வொரு பல்லாக இறுகும். டார்பிக்கு இல்லாத வசதி. ஆனால் புது வசதியோடு புதுத் தொல்லையும் வந்தது. பூட்டிய பிறகும் இறுகிக்கொண்டே போய் ரத்த ஓட்டத்தை நிறுத்தும். மெல்லிய தகடு ஒன்றைப் பல்லுக்கும் தாழுக்கும் நடுவில் சொருகினால் திறந்தும்விடும். நியூயார்க்கின் ஜான் டவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரு தீர்வு கொண்டுவந்தார். அதுதான் இரட்டைப் பூட்டு. பூட்டிய பின் சாவியை விட்டு இன்னொரு திருப்பு திருப்பினால் தாழ் அசையாமல் நின்றுவிடும். இறுகவும் இறுகாது, தகடும் பலிக்காது. இன்றைக்குப் போலீஸ் கையில் இருக்கும் விலங்கிலும் இதே யோசனைதான்.

பார்வைக்கு மூன்றிலும் அழகு டவர்தான், சந்தேகமே இல்லை. நிக்கல் முலாம், வளையத்தின் வெளி விளிம்பில் ரம்பம் போலப் பல்வரிசை, திருப்பும்போது காதில் விழும் அந்தக் கிர்ர்ர். அந்த அழகே எனக்கு வினையாகவும் வந்தது. என் முதல் டவரை மழைக்காலத்தில் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். "கண்ணு, கறுத்துப் போயிருந்துச்சு, தேச்சு வெச்சேன்" என்றார் அம்மா, திரும்பி வந்த அன்று. புளியும் செங்கல் தூளும் போட்டுப் பித்தளைக் குடம் விளக்குவதுபோல் விளக்கியிருந்தார். நூறு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்த முலாம் பாதி போய், உள்ளே இருந்த இரும்பு வெளியே தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது?

டவரில் இன்னொரு சங்கடம் சாவி. முனை குழாய், பக்கத்தில் சின்னதாக ஒரு பல். பழைய சாவி காணாமல் போயிருந்தால், பூட்டுக்குள் எட்டிப் பார்த்து அளவெடுக்க வழியில்லை. கண்ணுக்குத் தெரியாத பல்லுக்குச் சாவி வெட்டுவது ஊகத்தில் செய்யும் வேலை. கொஞ்சம் அழுத்திவிட்டால் உள்ளே இருக்கும் பழைய ஸ்பிரிங் உடையும். உடைந்ததைப் பிரித்து எடுக்கவும் முடியாது, ரிவெட்டை அறுத்தால்தான் உண்டு.

பியர்லெஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜார்ஜ் கார்னி 1912இல் காப்புரிமை எடுத்தது. வளையம் ஒரு பக்கமாக உள்ளே போய் மறுபக்கமாக வெளியே வரும் என்பதால், ஒரே கையால் மணிக்கட்டில் தட்டியே மாட்டிவிடலாம். இந்த ஒரு யோசனையில் பழைய விலங்குகள் எல்லாம் ஒரே நாளில் கிழடாகிப் போயின. ஆரம்ப காலத்தில் பியர்லெஸ்ஸுக்குச் செய்து கொடுத்தது துப்பாக்கிக்குப் பேர்போன ஸ்மித் அண்ட் வெசன். காப்புரிமைத் தேதி பொறித்த பழைய ஜோடி கிடைத்தால் வாங்கலாம். மற்றபடி இன்றைய விலங்குகளில் முக்கால்வாசியும் இதன் வாரிசுதான், ஒரே சின்னச் சாவி பெரும்பாலானவற்றைத் திறக்கும். உபயோகிப்பவனுக்கு அது சௌகரியம். எனக்கோ, ஒரே சாவியில் திறக்கும் பத்து ஜோடியைச் சேர்ப்பதில் ருசி இல்லை.

ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த கிளெஜூசோ விலங்கைக் கையில் எடுத்தால் டம்பெல் தூக்கியது போலக் கனக்கும். சங்கிலியே இல்லாமல் இரண்டு ஓட்டையோடு எட்டு வடிவில் வரும் 'ஹாம்பர்க் எட்டு' ஒன்றும் என்னிடம் இருக்கிறது. இரண்டுமே முதல் விலங்காக வாங்கும் சாமான் அல்ல, தபால் செலவே கண்ணைக் கட்டும்.

இதற்கு நடுவில் மாப்பிள்ளை செல்போனில் ஒரு படம் காட்டினார். கோவை உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஒரு விலங்கு கிடக்கிறதாம், மேலே அமெரிக்கச் சிறை ஒன்றின் பெயர் பொறித்திருக்கிறது, விலையும் கொள்ளை மலிவு. அதே மாதிரி ஒன்றை நான் ஏற்கெனவே கையில் எடுத்துப் பார்த்தவன். ஒருநாள் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு கணபதியில் என் சிநேகிதர் லேத் பட்டறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, இது வார்ப்புங்க. பாருங்க, அச்சு ரெண்டும் சேர்ந்த கோடு அப்படியே நிக்குது. மணல் பொரி வேற. ஆசிட்ல போட்டு எடுத்துத் துருவாக்கிருக்கறானுங்க."

அசல் டார்பி அடித்துச் செய்த இரும்பு. வார்த்ததில் தெரியும் அந்தக் கோடு அதில் இருக்காது. இப்படிச் சிறைப் பெயர், கோச்சு வண்டிக் கம்பெனிப் பெயர் பொறித்த போலிகள் நம் நாட்டிலேயே வார்க்கப்பட்டு, வெளிநாட்டு நினைவுப் பொருள் கடைகளுக்குப் போய், அங்கிருந்து 'அமெரிக்கப் பழசு' என்ற பட்டத்தோடு திரும்புகின்றன. வீட்டுக்கு வீடு வார்ப்புப் பவுண்டரி ஆள் இருக்கும் கோயமுத்தூரில் இதில் ஏமாறுவது கொஞ்சம் வெட்கம்தான். நான் ஏமாந்தேன், அதனால் சொல்கிறேன்.

நம் நாட்டு விலங்கையே சேர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பூட்டுக்குப் பேர்போன அலிகாரில் விலங்கும் செய்கிறார்கள். மரைச் சாவி போட்ட நம் பழைய போலீஸ் விலங்கு டார்பியின் பேரன் என்றே சொல்லலாம். விலையும் குறைவு. ஆனாலும் நான் தயங்குகிறேன். ஒரு காரணம், கூடவே வரும் கதை. கோவை மத்திய சிறை 1872இல் வந்தது, வ.உ.சி. இழுத்த செக்கு இன்னும் அங்கே இருக்கிறது. அதனால் இந்தப் பக்கம் யார் விலங்கு விற்றாலும் அது வ.உ.சி. கையில் கிடந்தது என்றே விற்கிறார்கள். அப்படி மூன்று ஜோடி எனக்கு விலைக்கு வந்தது, மூன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இன்னொரு காரணம், இது ரொம்பப் பழைய சங்கதி ஆகிவிடவில்லை. கைதியை வழக்கமாக விலங்கு போட்டுக் கூட்டிப் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சில வகைக் குற்றங்களுக்கு விலங்கை மறுபடி அனுமதிக்கிறது. நேற்று வரைக்கும் யாரோ ஒருவர் கையில் கிடந்ததை என் அலமாரியில் வைக்க மனசு வரவில்லை. பர்மிங்காம்காரன் செய்ததும் யாரோ கையில் கிடந்ததுதானே என்று தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

மூன்றையும் தராசில் போட்டால் என் கை டார்பி பக்கம்தான் சாயும். அழகில் டவரிடம் தோற்கும், வசதியில் பியர்லெஸ்ஸிடம் தோற்கும். ஆனால் சாவி தொலைந்த டவர், கண்ணாடிப் பெட்டியில் தூங்கும் பிணம். சாவி தொலைந்த டார்பியை நம்மூரில் உயிர்ப்பிக்கலாம், தாழின் மரையை அளந்து அதே மரையைக் குழாய்க்குள் வெட்டினால் வேலை முடிந்தது. சாவி இல்லாத டார்பி விலையும் குறைந்து வரும். அந்த வித்தியாசத்தை அயலூர் வியாபாரியிடம் கொடுக்காமல் கணபதியில் கொடுத்துவிட்டுப் போவோமே. பராமரிப்பும் சுலபம், இரண்டு சொட்டு மெஷின் ஆயில் போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், நாள்பட்டால் பிசின் போல இறுகித் தாழைப் பிடித்துக்கொள்ளும்.

மாப்பிள்ளைக்கு டவர் மேல்தான் கண். இருந்தாலும் முக்கால் மணி நேரம் கையில் கிடந்த டார்பியைத் திருப்பித் தரவும் மனசில்லை. கடைசியில் அந்த ஜோடியையே விலை பேசி எடுத்துக்கொண்டார். இரண்டு பேருமாகக் கணபதிக்குப் போனோம். லேத்துக்காரர் தாழ் நுனியில் சோப்பை அமுக்கி அச்செடுத்தார். பட்டறையில் இருந்த, மரை வெட்டும் மில்லிமீட்டர் டேப் ஒன்றும் சேரவில்லை. பழைய மில் மெஷின் வேலைக்காக வாங்கி வைத்த இஞ்சுக் கணக்கு டேப்புகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்து கொட்டி, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நான்காவது சேர்ந்தது. ஒரு கம்பியைக் கடைந்து, துளையிட்டு, மரை வெட்டி, தலைக்கு ஒரு பட்டையைப் பற்றவைத்தார். சுற்றினோம். ஆறாவது சுற்றில் தாழ் பின்னால் வந்தது, வளையம் தானாக வாய் திறந்தது. மாப்பிள்ளை அதை இருபது தடவையாவது பூட்டித் திறந்திருப்பார்.

கூலி கொடுத்துக் கிளம்பும்போது லேத்துக்காரர் மேஜை டிராயரைத் திறந்து காட்டினார். அதே போல இன்னொரு சாவி உள்ளே கிடந்தது.

"இது இங்கயே இருக்கட்டுமுங்க. எப்படியும் தொலைச்சுப்போட்டுத்தான் வருவீங்க."