ஓவன் கோய்லா, இந்தியப் பயிற்சியாளரா? சென்னையின் எஃப்சிக்கு எது பொருந்தும்

2024-25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து சீசனில் 13 அணிகளில் 11-ஆவதாக முடித்தது சென்னையின் எஃப்சி. அன்று தொடங்கிய சண்டை எங்கள் கேலரியில் இன்னும் ஓயவில்லை. அப்போதைய பயிற்சியாளர் ஓவன் கோய்லைப் போல ஐரோப்பாவில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரால்தான் இந்த அணியைத் தூக்கி நிறுத்த முடியும் என்பது ஒரு கட்சி. இந்திய வீரர்களைக் கரைத்துக் குடித்த இந்தியப் பயிற்சியாளர்தான் வேண்டும் என்பது மறு கட்சி. கோய்ல் விடைபெற்று, இந்தியரான கிளிஃபோர்ட் மிராண்டா பயிற்சியாளராக வந்த பிறகும் இரு தரப்பும் ஓரங்குலம்கூட நகரவில்லை. நான் இரண்டாவது கட்சி. கோய்ல் மீது எனக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை. அவர் தந்த மகிழ்ச்சியை இந்த அணிக்கு வேறு யாரும் அண்மையில் தந்ததில்லை. இருந்தும் ஏன் இந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில விஷயங்களில் வாதிட ஒன்றுமில்லை. ஐரோப்பாவில் பெயர் பெற்றவர் என்றால் சம்பளம் அதிகம். அவர் பெயரைக் கேட்டு நல்ல வெளிநாட்டு வீரர் ஒருவர் சென்னைக்கு வரச் சம்மதிக்கலாம். இந்தியப் பயிற்சியாளருக்கு வீரர்களோடு பேசிப் பழகுவது எளிது, ஊரும் வெயிலும் பழக்கம். இவையெல்லாம் உண்மை. ஆனால் புள்ளிப் பட்டியலை இவை பெரிதாக மாற்றுவதில்லை.

முதலில் கோய்லுக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். 2009-இல் பர்ன்லி அணியை இங்கிலாந்து பிரீமியர் லீக்குக்கு ஏற்றிச் சென்றவர் அவர். 2019 டிசம்பரில் அவர் இங்கு வந்தபோது நிலைமை எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும். முந்தைய சீசனில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு கடைசி இடம். புதிய சீசனிலும் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. 2018-இல் கோப்பை வென்று தந்த ஜான் கிரகோரி ஆறு ஆட்டங்களில் 5 புள்ளிகளோடு விலகிக்கொண்டார். மீதமிருந்த 12 ஆட்டங்களில் கோய்ல் 24 புள்ளிகள் எடுத்தார். அணி நான்காம் இடம் பிடித்து அரையிறுதிக்குப் போனது.

அந்த அரையிறுதியின் முதல் ஆட்டம் 2020 பிப்ரவரி 29 அன்று நேரு ஸ்டேடியத்தில் நடந்தது. எதிரில் லீக் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்த எஃப்சி கோவா. முதல் பாதியில் கோல் இல்லை. இடைவேளைக்குப் பிறகு கோயன், தாபா, சாபியா, சாங்டே என்று வரிசையாக நான்கு கோல். மூன்றாவதும் நான்காவதும் இரண்டே நிமிட இடைவெளியில் விழுந்தன. பக்கத்து இருக்கையில் யார் என்றே தெரியாதவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்திய இரவு அது. ஆட்டம் 4-1. கோவாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 2-4 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 6-5 என்று இறுதிப் போட்டிக்குப் போனோம். அங்கே ஏடிகே அணியிடம் 1-3 என்று தோற்றது வேறு கதை. அன்று கோவா அணியின் இடைக்காலப் பயிற்சியாளராக எதிர்ப்பக்கம் நின்றவர் யார் தெரியுமா? இதே கிளிஃபோர்ட் மிராண்டா.

எனவே சீசன் நடுவில் அணி நிலைகுலைந்து நிற்கும்போது அனுபவசாலி ஒருவரை அழைப்பது வீண் வேலை என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2024 ஜனவரியில் மோகன் பகானும் அதைத்தான் செய்தது. 66 வயதுப் பயிற்சியாளர் அன்டோனியோ ஹபாஸைத் திரும்ப அழைத்தார்கள். ஏப்ரலில் லீக் கேடயம், அதாவது புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான கேடயம், அவர்கள் கையில் இருந்தது. சோர்ந்துபோன வீரர்களிடம் பழைய தெம்பை மீட்டெடுப்பது, இன்னார் இன்ன இடத்தில் நில் என்று குழப்பமில்லாமல் சொல்வது, தோல்விப் பேச்சைத் தன் மேல் வாங்கிக்கொண்டு வீரர்களைக் காப்பது ஆகியவற்றில் அனுபவத்துக்கு ஈடில்லை.

ஆனால் கோய்லின் இரண்டாவது வருகை அப்படிப்பட்ட அவசரச் சிகிச்சை இல்லை. 2023-இல் சீசன் தொடங்கும் முன்பே வந்தார். அணியைத் தன் விருப்பப்படி கட்டும் வாய்ப்பு இருந்தது. முதல் சீசனில் 22 ஆட்டங்களில் 27 புள்ளிகள், ஆறாம் இடம், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பிளே-ஆஃப். நாக் அவுட்டில் கோவாவிடம் 1-2. நல்ல முன்னேற்றம்தான். அடுத்த சீசனில் 11-ஆம் இடம். ஒரே மனிதர், ஒரே ஊர். 2019-20-க்கும் இதற்கும் இடையில் மாறியது என்ன? என் முடிவு முழுவதும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

மாறியது விதி. 2019-20-இல் களத்தில் ஐந்து வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம். 2021-22 முதல் நான்கு பேர்தான். ஐந்துக்கும் நான்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். அந்த 2019-20 அணியை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். தடுப்பில் கோயன், சாபியா. நடுவில் பந்தைப் பங்கிட கிரிவெல்லாரோ. முன்னால் ஷெம்ப்ரி, 15 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கிய வால்ஸ்கிஸ். அணியின் முதுகெலும்பு முழுவதும் வெளிநாட்டவர். இந்தியர்கள் அந்த முதுகெலும்பைச் சுற்றி ஓடினார்கள். இன்று அந்த வரிசையில் ஒருவரை எடுத்துவிட்டு அங்கே ஓர் இந்தியரை நிறுத்தியாக வேண்டும். பதினொருவரில் ஏழு பேர் இந்தியர்கள். ஐந்தாறு நல்ல வெளிநாட்டவரை எல்லா அணிகளும் தேடிப் பிடித்துவிடுகின்றன. அணிகளுக்கு இடையே மேடு பள்ளம் உண்டாவது அந்த ஏழு பேரில்தான்.

2024-25-இல் நம் அணியின் ஆட்டத்தை கேலரியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது கண்கூடு. கானர் ஷீல்ட்ஸ் காலில் பந்து இருக்கும்வரை ஏதோ நடக்கப்போகிறது என்ற நம்பிக்கை இருக்கும். எதிரணி அவரை இரண்டு பேர் வைத்து அடைத்துவிட்டால் பந்து பக்கத் தடுப்பாட்டக்காரருக்குத் திரும்பும். அவர் தலைநிமிர்ந்து பார்ப்பார், அருகில் யாரும் இடம் பிடித்திருக்க மாட்டார்கள், வேறு வழியின்றி வில்மர் ஜோர்டானை நோக்கி உயரமாக அடிப்பார். பந்து எதிரணி வசம். இதே காட்சி திரும்பத் திரும்ப. அந்தப் பக்கத் தடுப்பாட்டக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பந்து வரும் முன்பே அடுத்த மூன்று பேர் எங்கே நகர வேண்டும் என்பது பயிற்சி மைதானத்தில் மாதக்கணக்கில் பழக வேண்டிய காரியம்.

இந்திய வீரர்களை வளர்க்க கோய்லுக்குத் தெரியாது என்று சொன்னால் அது அநியாயம். சாங்டே மலர்ந்தது அவர் கையில்தான். நெய்வேலிக்காரர் எட்வின் வன்ஸ்பாலை நடுக்களத்தில் நிறுத்தித் தொடர்ந்து நம்பியவர் அவர். இரண்டாம் முறை வந்தபோது இர்ஃபான் யாத்வாட்டை முன்களத்தில் இறக்கிவிட்டு, இந்திய அணியின் அழைப்பு வரும்வரை கொண்டுபோய் விட்டார். கையில் கிடைத்த வீரரை மெருகேற்றுவதில் அவர் கெட்டிக்காரர். நான் கேட்பது அதற்கு முந்தைய படி: யாரைக் கையில் எடுப்பது? மிசோரத்திலோ மலப்புறத்திலோ இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் இருபது வயதுப் பையனை யார் கவனித்து வைத்திருக்கிறார்? பெரிய அணியில் பெஞ்சில் உட்கார்ந்து நொந்துபோயிருக்கும் தடுப்பாட்டக்காரருக்கு யாரிடமிருந்து போன் வரும்?

இங்கேதான் இந்தியப் பயிற்சியாளர் காலித் ஜமீல் என் சாட்சி. 2016-17-இல் சிறிய பட்ஜெட்டில் ஐசால் அணியை ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் சாம்பியனாக்கினார். 2020-21-இல் நார்த்ஈஸ்ட் அணியைப் பாதியில் ஏற்று, எஞ்சிய லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். 2024-25-இல் ஜாம்ஷெட்பூரை ஐந்தாம் இடத்துக்கும் அரையிறுதிக்கும் உயர்த்தினார். ஐசாலில் அன்று அவருக்காக கோல் காத்த ஆல்பினோ கோம்ஸ், ஜாம்ஷெட்பூரிலும் அவருக்காகக் காத்தார். எந்த வீரர் எங்கே இருக்கிறார், எந்த நிலையில் இருக்கிறார், யாரை இப்போது அழைத்தால் உயிரைக் கொடுத்து ஆடுவார் என்ற கணக்கு அவர் விரல்நுனியில் இருக்கிறது. பல ஆண்டுகள் இந்த நாட்டு மைதானங்களில் நின்றவருக்குத்தான் அந்தக் கணக்கு கைகூடும்.

அதே சீசனில் 2024 நவம்பரில் ஜாம்ஷெட்பூருக்கே போய் ஜமீலின் அணியை 5-1 என்று வீழ்த்தியது கோய்லின் சென்னை. அன்று யாராவது என்னிடம் இவர்களில் யார் அரையிறுதிக்குப் போவார் என்று கேட்டிருந்தால், தயங்காமல் நம் அணி என்றுதான் சொல்லியிருப்பேன். சீசன் முடிவில் ஜாம்ஷெட்பூருக்கு 38 புள்ளிகள். நாம் பட்டியலின் அடியில். ஒரு நாள் மின்னுவதற்கு ஷீல்ட்ஸும் ஜோர்டானும் போதும். 24 ஆட்டங்கள் தாக்குப்பிடிக்க அந்த ஏழு பேரும், அவர்களுக்குப் பின்னால் பெஞ்சில் இன்னும் ஏழு பேரும் வேண்டும்.

எதிர்க்கட்சியின் வலுவான வாதத்தை மறைக்க மாட்டேன். 2021-22-இல், அதாவது நான்கு வெளிநாட்டவர் விதி வந்த பிறகு, கோய்ல் ஜாம்ஷெட்பூருக்கு லீக் கேடயம் வென்று தந்தார். 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள். ரித்விக் தாஸ் போன்ற இந்தியர்கள் அங்கே அருமையாக ஆடினார்கள். என் வாதத்தின் மேல் விழும் பலமான அடி இது. நான் சொல்லக்கூடிய பதில் இரண்டு. ஒன்று, அந்த அணியில் 10 கோல் அடித்து 10 கோலுக்கு வழிசெய்த கிரெக் ஸ்டூவர்ட் இருந்தார். அப்படி ஒருவர் எல்லாப் பயிற்சியாளருக்கும் எல்லா ஆண்டும் வாய்ப்பதில்லை. இரண்டு, கோய்லும் ஸ்டூவர்ட்டும் போன அடுத்த சீசனில் அதே ஜாம்ஷெட்பூர் பத்தாம் இடத்துக்குச் சரிந்தது. நமக்கும் இதுவே நடந்தது. 2020-இல் அவர் கிளம்பினார், வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே ஜாம்ஷெட்பூர் போனார், அடுத்த சீசனில் 20 ஆட்டங்களில் நமக்கு மூன்றே வெற்றி. கூடாரம் நன்றாகத்தான் போடுகிறார். அவர் கிளம்பும்போது கூடாரமும் கிளம்பிவிடுகிறது.

அந்த இறுதிப் போட்டி அணியின் இந்தியர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று பார்த்தால் வயிறு எரியும். விஷால் கைத் மோகன் பகானுக்குப் போனார், அனிருத் தாபாவும் பின்னால் போனார். சாங்டே மும்பைக்குப் போய் நாட்டின் சிறந்த வீரர் விருது வாங்கினார். மோகன் பகான் அடுத்தடுத்து இரண்டு சீசன் லீக் கேடயம் வென்றபோது கோல் கம்பத்தின் கீழ் நின்றவர் நம் பழைய கீப்பர். இது பயிற்சியாளரின் குற்றம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணப்பெட்டி பெரிதாக இருக்கும் அணிகள் இழுத்துக்கொண்டு போகின்றன. ஆனால் ஒரு தாபா போனால் அடுத்த தாபாவைக் கண்டுபிடிக்கும் ஆள் நம்மிடம் இருக்க வேண்டும் அல்லவா?

இன்னொரு விஷயத்தையும் ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. இங்கிலாந்தில் தத்தளிக்கும் அணிகள் மூத்த பயிற்சியாளரைத் தேடி ஓடுவதற்குக் காரணம், கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் வருமானம் அடிபட்டு கிளப்பே ஆட்டம் கண்டுவிடும் என்ற பயம். ஐஎஸ்எல்லில் 2024-25 வரை எந்த அணியும் கீழே இறக்கப்பட்டதில்லை. 9 புள்ளிகளோடு கடைசியில் முடித்தும் நாம் அடுத்த ஆண்டு அதே லீக்கில்தான் ஆடினோம். அப்படிப்பட்ட லீக்கில் எட்டாம் இடத்துக்கும் பதினொன்றாம் இடத்துக்கும் இடையிலான வித்தியாசத்துக்காக அவசரச் சிகிச்சை நிபுணருக்குச் செலவழிப்பதைவிட, இரண்டு சுமாரான சீசன்களைப் பொறுத்துக்கொண்டு இருபது வயதுப் பையன்களை ஆடவிடுவது லாபம். வியாசர்பாடியிலிருந்து ஒரு தனபால் கணேஷ் வந்தார். அவருக்குப் பின்னால் வடசென்னையிலிருந்து நீலச் சட்டைக்கு வரிசை நின்றிருக்க வேண்டும்.

இனி எனக்கு உறுதியில்லாத இடங்கள். ஒரு முழு சீசனையும் தன் கையால் கட்டி வெற்றி கண்ட இந்தியப் பயிற்சியாளர் என்று ஐஎஸ்எல்லில் ஜமீலைத் தவிர இன்னொருவரைக் காட்டச் சொன்னால் எனக்குத் திணறல்தான். ஒருவரை வைத்து ஒரு கொள்கையே வகுக்கிறாய் என்று நண்பர்கள் மடக்கும்போது என்னிடம் முழுமையான பதில் இல்லை. மிராண்டாவின் பெரிய வெற்றிகள் இடைக்காலப் பொறுப்பில் வந்தவை. 2020-இல் கடைசிக் கட்டத்தில் கோவாவை ஏற்று லீக் கேடயத்தைக் கைப்பற்றினார். 2023-இல் ஒடிஷாவுக்கு சூப்பர் கோப்பை வென்று தந்தார். ஒரு மாத ஓட்டத்தை நடத்துவதும் ஓராண்டு அணியை வளர்ப்பதும் வெவ்வேறு வேலை. அதிலும் அவருக்கு வாய்த்த நேரம் மோசம். 2025 ஜூலையில் லீக்கே நடக்குமா என்ற நிலையில் எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டது. அப்படிப்பட்ட சூழலில் வந்தவரை முதல் சில முடிவுகளை வைத்து எடைபோட நான் தயாராக இல்லை.

நிர்வாகம் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தால் போதும். இந்தியப் பயிற்சியாளரை நியமித்துவிட்டு, நான்கு தோல்வி வந்ததும் ஐரோப்பாவுக்கு போன் போடக் கூடாது. 2020-21 தொடங்கி சாபா லாஸ்லோ, போஸிடார் பண்டோவிச், தாமஸ் பர்டாரிச் என்று மூன்று சீசனுக்கு மூன்று பேரை மாற்றிப் பார்த்தோம். மூன்று முறையும் எட்டாம் இடம்தான் கிடைத்தது. குறைந்தது மூன்று சீசன் ஒப்பந்தம், வீரர் தேர்வில் பயிற்சியாளருக்குக் கடைசி வார்த்தை, வெளிநாட்டு வீரர்களைத் தேட அவருக்குத் துணையாக அந்தச் சந்தையை அறிந்த ஒருவர். இதைக் கொடுக்க மனமில்லை என்றால் கோய்லையே திரும்ப அழைத்துவிடலாம். ஒரு சீசனாவது கொண்டாட்டம் கிடைக்கும்.