ஃபைபர் அறுந்த நாளில் லேப்டாப்புக்கு எது: ஹாட்ஸ்பாட்டா, யுஎஸ்பி வயரா, டூயல் வான் ரவுட்டரா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இரண்டாவது இணைப்பு இல்லாமல் பிழைப்பு ஓடாது. ஃபைபர் வயர் பல ஊர்களில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டுதான் வருகிறது. ஒரு தென்னை மட்டை விழுந்தால் போதும். கையில் போன் இருக்கிறது, அதில் டேட்டாவும் இருக்கிறது. லேப்டாப்பை மொபைல் டேட்டாவுக்கு எப்படி மாற்றுவது என்பதில்தான் மூன்று வழிகள்: போனின் ஹாட்ஸ்பாட், போன் டேட்டாவை யுஎஸ்பி வயரில் லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங், ஃபைபரையும் தனி சிம் இணைப்பையும் சேர்த்துக் கோக்கிற டூயல் வான் ரவுட்டர். ஒரே ஒரு லேப்டாப் என்றால் என் ஓட்டு யுஎஸ்பி டெதரிங்குக்கு.

வேகம், விலை எல்லாம் அப்புறம். லைன் செத்துவிட்டது என்பதை யார் கண்டுபிடிப்பது? அதுதான் முக்கியம். இன்வெர்ட்டரில் ரவுட்டர் உயிரோடு இருக்கும், வைஃபை சிக்னல் முழுதாகக் காட்டும், ஆனால் தெருமுனையில் ஃபைபர் அறுந்து கிடக்கும். லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஒரு குறையும் இல்லாததால் விண்டோஸ் பெரும்பாலும் அந்த வைஃபையை விடாது. "இன்டர்நெட் இல்லை" என்று சொல்லிக்கொண்டே அதிலேயே உட்கார்ந்திருக்கும்.

ஹாட்ஸ்பாட்டின் தொல்லை இங்கேதான். நீங்களாக மாற்றிவிட்டாலும், சற்று நேரம் யாரும் இணையாவிட்டால் பல போன்கள் ஹாட்ஸ்பாட்டைத் தானே அணைத்துவிடும். லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிட்டு வந்து திறந்தால், அது மறுபடி செத்த வீட்டு வைஃபையில் போய் ஒட்டியிருக்கும். ஹாட்ஸ்பாட்தான் என்றால், வீட்டு வைஃபைக்கு "தானாக இணை" டிக்கை எடுத்துவிடுங்கள். பேட்டரி கரைவதும் போன் சுடுவதும் தெரிந்த கதை.

யுஎஸ்பியில் செருகினால் விண்டோஸ் போனை ஈதர்நெட்டாகப் பார்க்கும். இரண்டு இணைப்பும் இருக்கும்போது மெட்ரிக் எண் (எந்த வழிக்கு முன்னுரிமை என்று விண்டோஸ் வைக்கும் எண்) குறைவாக உள்ள வழியில்தான் டேட்டா போகும். வயர் இணைப்புக்குப் பெரும்பாலும் தானாகவே குறைந்த எண் கிடைக்கும்; அதை நம்பாமல் கையால் போடுவது நல்லது. கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ், அடாப்டர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஐபிவி4, அட்வான்ஸ்டு. அங்கே ஆட்டோமேட்டிக் மெட்ரிக் டிக்கை எடுத்துவிட்டு யுஎஸ்பிக்கு 10, வைஃபைக்கு 50. இணைய முகவரியின் புது வகையான ஐபிவி6-க்கும் இதையே தனியாகச் செய்ய வேண்டும். மொபைல் நெட்வொர்க்கில் அது சகஜம் என்பதால் விட்டுவிட்டால் சில தளங்கள் மட்டும் திறக்காமல் குழப்பும். அதன்பின் வயரைச் செருகி டெதரிங்கைப் போட்டால் மொபைல் டேட்டா, பிடுங்கினால் ஃபைபர். செத்ததைக் கண்டுபிடிப்பது நீங்கள்தான், ஆனால் மாற்றுவது ஒரு கைவேலை.

இதிலும் பொறிகள் உண்டு. பெரிய பொறி, போனும் அதே வீட்டு வைஃபையில் இருப்பது. ஆண்ட்ராய்டு அந்த வைஃபையையே வயர் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும். செத்த லைன் சுற்றிவளைத்து வந்து சேரும். போனில் வைஃபையை முதலில் அணையுங்கள். சார்ஜ் மட்டும் ஏறும் மலிவு வயரில் டெதரிங்கை ஆன் செய்யவே முடியாது. ஒவ்வொரு முறையும் டெதரிங்கை ஆன் செய்ய அலுப்பாக இருந்தால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் டீஃபால்ட் யுஎஸ்பி அமைப்பை டெதரிங்காக மாற்றலாம். ஐபோனுக்கு விண்டோஸில் ஆப்பிள் டிரைவர் வேண்டும். லேப்டாப்பில் யுஎஸ்பி இணைப்பை மீட்டர்டு (அளவுள்ள டேட்டா) என்று குறித்துவிட்டால் விண்டோஸ் அப்டேட் பெரும்பாலும் டேட்டாவைத் தின்னாது. சில போன்கள் ஒவ்வொரு தடவையும் புது நெட்வொர்க்காகத் தெரியும், அப்போது திரும்பக் குறிக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் போன் லேப்டாப் பேட்டரியிலிருந்து சார்ஜ் உறிஞ்சும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

டூயல் வான் ரவுட்டர் மட்டுமே லைன் செத்ததைத் தானே கண்டுபிடிக்கும். டிபி-லிங்க் இஆர்605 மாதிரியானவற்றில் ஆன்லைன் டிடெக்ஷன் என்று ஒன்று உண்டு. வெளியே உள்ள ஒரு முகவரியை பிங் செய்து, அதாவது சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று, பார்த்துக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால், சிம் போட்டு யுஎஸ்பியில் செருகும் டாங்கிளுக்குத் தாவும். இரண்டு லைனிலும் டேட்டாவைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்ஸை அணைத்து, டாங்கிளை பேக்கப்பாக மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் ஐபி (இணையத்தில் உங்கள் இணைப்பின் முகவரி) மாறி மாறிப் போய் பேங்க் தளம் வெளியே தள்ளிவிடும். எல்லா டாங்கிளும் இதில் எடுக்காது, பட்டியலைப் பார்த்து வாங்க வேண்டும். இதில் வைஃபையும் கிடையாது. ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி, ரவுட்டர், வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் என மூன்று பெட்டிக்கும் பேக்கப் மின்சாரம் வேண்டும். மூன்றும் 12 வோல்ட் என்று நினைத்து ஒரே மினி யுபிஎஸ்ஸில் கோக்காதீர்கள், அடாப்டரைப் படியுங்கள். சும்மா கிடக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் வேறு. நாலைந்து சிஸ்டம் ஓடும் இ-சேவை மையத்துக்கும் டியூஷன் சென்டருக்கும் இது சரி.

எந்த வழியில் மாறினாலும் வெளி ஐபி மாறுவதால் ரிமோட் டெஸ்க்டாப்பும் பல விபிஎன்களும் ஒருமுறை அறுந்துதான் திரும்பச் சேரும்.

2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா போல ஒன்று வந்து கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தால் டவர் பேட்டரியும் தீர்ந்துவிடும், மூன்றும் கை விரிக்கும். அதற்குக் குறைந்த மழைக்கு, போனில் வேறு வேறு கம்பெனியின் இரண்டு சிம் வைத்திருங்கள். ஒரு டவர் படுத்தால் போனில் டேட்டா சிம்மை மாற்றினால் போதும். லேப்டாப் செட்டிங்கைத் தொட வேண்டியதில்லை.