ஆமிக் குருவாகப் போவதென்றால் எந்த நாட்டு ஆமி?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பிறந்து, சின்ன வயதில் வெளிநாடு போன ஒரு பிள்ளை குருமடத்தில் சேர்ந்தால் ஊரே சந்தோஷப்படும். அதே பிள்ளை, "குருவானதும் இந்த நாட்டுப் படையில் ஆன்ம குருவாகச் சேரப் போறன்" என்றால்? "ஆமியிலயோ? எங்கட பிள்ளையோ?" என்று பெரியம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனாலும் போக நினைக்கிறவர் போகத்தான் போகிறார். அதனால் எங்கே போகலாம், எதற்கு எப்படித் தயாராகலாம் என்று பார்ப்போம். எங்கள் சனம் கூடுதலாக இருக்கும் பிரித்தானியா, கனடா, அமெரிக்கா மூன்றையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இலங்கைக்குள் இதற்கென்று தனி வழி கிடையாது. படையினருக்கான தனி மறைமாவட்டங்களுக்குப் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1986இல் சட்டம் வகுத்தார். அப்படி ஒன்று இங்கே இல்லை.

பெரியம்மாவுக்கு முதலில் சொல்ல வேண்டியது இது: மூன்று நாட்டிலும் குரு துவக்குத் தூக்குவதில்லை. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, படையோடு இருக்கும் குருவை மருத்துவப் பணியாளரைப் போலவே பாதுகாக்கச் சொல்கிறது. எதிரியிடம் பிடிபட்டாலும் அவர் போர்க்கைதி அல்ல. அமெரிக்காவில் குருவுக்கு ஓர் உதவியாளரைக் கொடுப்பார்கள். ஆயுதம் அவர் கையில் இருக்கும், குருவைக் காப்பது அவர் வேலை. எனக்கு இது கொஞ்சம் நெருடல்தான். எனக்காக இன்னொருவன் சுடுவான் என்று தெரிந்துகொண்டு பூசை வைக்க ஒரு தனி மனப்பக்குவம் வேண்டும்.

அடுத்தது பதவி. அமெரிக்கா, கனடா, பிரித்தானியத் தரைப்படை மூன்றிலும் குரு ஓர் அதிகாரி. தோளில் பட்டி இருக்கும், சிப்பாய் சல்யூட் அடிப்பான். பிரித்தானியக் கடற்படை மட்டும் வேறு. அங்கே குருவுக்குப் பதவியே இல்லை. யாரோடு பேசுகிறாரோ அவருடைய பதவிதான் குருவின் பதவி. அட்மிரலோடு பேசும்போது அட்மிரல், சமையல்காரப் பெடியனோடு பேசும்போது சமையல்காரன். வன்னியில் வளர்ந்த ஒருவருக்கு அதிகாரத்தோடு பேசும்போது உடம்பு தானாக விறைக்கும். சோதனைச் சாவடிகளில் பழகின பழக்கம் அது. அப்படிப்பட்டவருக்கு இந்தக் கடற்படை முறைதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஆன்மீகத் தயாரிப்பில் மூன்று நாடும் கேட்பது ஒன்றுதான்: உன் விசுவாசத்தில் உறுதியாக இரு, மற்றவன் விசுவாசத்துக்கும் இடம் செய்து கொடு. கனடாவில் இறையியலில் முதுநிலைப் பட்டம், இரண்டு வருடப் பணி அனுபவம், பல சமயங்களும் சேர்ந்த ஒரு குழுவின் ஒப்புதல் என்று கேட்பார்கள். அமெரிக்காவில் உங்கள் சபையே உங்களுக்கு உறுதிக் கடிதம் தர வேண்டும். கத்தோலிக்கர் என்றால் ஆயர் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். குருமாருக்குத் தட்டுப்பாடு என்றால் ஆயர் லேசில் விடமாட்டார். மற்றச் சமயத்தோடு பழகுவதில் நம் பிள்ளைகளுக்கு முன்பயிற்சி நிறையவே இருக்கிறது. ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலில் கூடும் சனத்தில் சைவர் எத்தனை பேர்! வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும் வேதக்காரரும் உண்டு. புத்தகத்தில் படிக்க வேண்டியதை இவர்கள் பக்கத்து வீட்டில் படித்திருக்கிறார்கள்.

கடினமான இடம் மனம். படையில் ஒருவன் இறந்தால் வீட்டுக்குச் செய்தி சொல்லப் போகும் அதிகாரியோடு பெரும்பாலும் குருவும் போவார். கதவைத் தட்ட வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும், பிறகு அங்கேயே நிற்க வேண்டும். நம் பிள்ளைக்கு அந்தக் கதவின் உள்பக்கம் தெரியும். செய்தி வந்த வீடுகளும் தெரியும், இன்றுவரை செய்தியே வராத வீடுகளும் தெரியும். இது பெரிய பலம். ஆறாமல் உள்ளே கிடந்தால் பெரிய ஆபத்தும் அதுவே. வெடிச்சத்தம் கேட்டால் தன் உடம்பு என்ன செய்கிறது, போர் முடிந்த மே மாதம் வந்தால் தன் நித்திரை என்ன ஆகிறது என்பதை வெளிக்கிட முதலே பார்த்துவிட வேண்டும். படையில் சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று விடுவது பிழை.

இதற்கு இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் முப்பது நாள் தியானம். மற்றது மருத்துவமனையில் மேற்பார்வையோடு நோயாளரைச் சந்திக்கும் பயிற்சி. அமெரிக்காவிலும் கனடாவிலும் இது நன்கு வேரூன்றியது. ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் மருத்துவமனையைத் தெரிவு செய்யுங்கள். தியானத்தில் நாம் நம்மை ஏமாற்றலாம். கட்டிலில் கிடப்பவர் "போங்கோ சுவாமி, எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பும்போது ஏமாற்ற வழியில்லை.

மனம் சார்ந்த இன்னொரு விடயத்தில் அமெரிக்கா முன்னுக்கு நிற்கிறது: இரகசியம். அங்கே தரைப்படைக் குருவிடம் சிப்பாய் ஆன்ம ஆலோசனையாகச் சொன்னதை, அவன் சம்மதம் இல்லாமல் கட்டளை அதிகாரிக்கும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் நீங்களே சுமக்க வேண்டும் என்பது அதன் மறுபக்கம். உங்கள் பாரத்தை இறக்கிவைக்க உங்களுக்கென்று ஓர் ஆன்ம குருவைத் தேடி வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

உடம்பைப் பற்றித்தான் பெடியள் அதிகம் கவலைப்படுகிறார்கள். தேவையில்லை. கனடாவின் சோதனையில் 20 கிலோ மணல் மூட்டையை இடுப்பளவு உயரத்துக்கு 30 தரம் தூக்க வேண்டும், மூன்றரை நிமிடத்துக்குள். நெல் மூட்டை ஏற்றிப் பழகினவர் முதலில் சிரிப்பார், இருபதாவது தூக்கலில் சிரிப்பு நிற்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும், எந்த வயதுக்கும் ஒரே அளவுதான். அமெரிக்கத் தரைப்படையின் 2025 சோதனையில் பாரம் தூக்கல், தண்டால், பிளாங்க் எல்லாம் முடித்துக் கடைசியில் இரண்டு மைல் ஓட்டம். பிரித்தானிய மரீன் படையோடு போக விரும்பும் குரு கொமாண்டோப் பயிற்சியையும் முடிக்கலாம். அதன் கடைசி நடை 30 மைல், மலைவெளியில், முதுகில் பாரத்தோடு. மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு வரை ஏறக்குறைய அந்தத் தூரம்தான். ஊருக்கு வந்து நிற்கும் நாட்களில் விடிய ஐந்தரைக்குக் குளக்கட்டில் ஓடினால் போதும். எட்டு மணி வெயிலில் ஓடி வீரம் காட்ட வேண்டாம்.

சரி, எது நல்லது? குணத்தைப் பார்த்தால் நான் பிரித்தானியக் கடற்படை என்பேன். கைக்கு எட்டுவது கனடா: 2022 இறுதியில் நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களுக்கும் படைக் கதவைத் திறந்துவிட்டார்கள், பக்கத்தில் சொந்தபந்தமும் இருக்கும். அமெரிக்காவில் முழுநேரப் படையில் அதிகாரியாகச் சேரக் குடியுரிமை வேண்டும், குருவும் அதிகாரிதான். கிறீன் கார்ட் என்ற நிரந்தர வதிவுரிமை அட்டையோடு இருக்கிறவர் முதலில் குடியுரிமைக்கு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு மருத்துவமனைப் பயிற்சியைத் தொடங்கலாம்.