தரமணியில் ஒரு திசு ஆய்வகம்: சுண்டெலி மூளையைச் சீவித் தரும் சேவை எப்படி?

மன அழுத்தம் தொடர்பான எங்கள் ஆய்வுக்காகச் சுண்டெலி மூளைகளைத் தரமணியில் உள்ள ஒரு தனியார் திசு ஆய்வகத்திடம் கொடுத்து, உறைந்த திசுவை மெல்லியதாக அறுக்கும் கிரையோஸ்டாட் கருவியில் சீவி, குறிப்பிட்ட ஒரு மூலக்கூறுடன் மட்டும் ஒட்டும் புரதமான ஆன்டிபாடியால் சாயமேற்றி வாங்கி வருகிறோம். இத்துறையில் இருக்கும் சென்னை ஆய்வாளர்களுக்கு இந்த ஆய்வகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

நாங்கள் தேடுபவை, மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸில், மூன்றாம் வென்ட்ரிக்கிள் என்ற திரவக் குழியின் இருபுறமும் அமைந்த பாராவென்ட்ரிகுலர் பகுதியின் சி.ஆர்.ஹெச். (கார்டிகோட்ரோபின் வெளியிடு ஹார்மோன்) நியூரான்கள். விலங்கு நெருக்கடிக்கு உள்ளானதும் இவை வெளியிடும் ஹார்மோன் பிட்யூட்டரி சுரப்பியில் ஏ.சி.டி.ஹெச். என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கச் செய்ய, அது அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ரத்தத்தில் கார்டிகோஸ்டிரோனை உயர்த்துகிறது. மனிதருக்குக் கார்டிசால் எப்படியோ, சுண்டெலிக்கு இது அப்படி. சி.ஆர்.ஹெச். 41 அமினோ அமிலங்களால் ஆனது என்பதை 1981இல் அமெரிக்க ஆய்வாளர் வைலி வேல் குழுவினர் செம்மறியாட்டு ஹைப்போதலாமஸைக் கொண்டு கண்டறிந்தனர்.

இந்தப் பகுதி முன்பின்னாக ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடுவதால், 30 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவும்போது நான்கைந்து சீவல்கள் கிழிந்தாலோ வரிசை மாறினாலோ செல்களின் எண்ணிக்கையையே நம்ப முடியாது. ஆய்வகத்தின் திறமை இங்கேதான் தெரிகிறது. சீவல்கள் ஒட்டிய கண்ணாடித் தகடு ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் வரிசை எண் எழுதியிருக்கிறது. இடப்புறத்தை அடையாளம் காண மூளைப் புறணியில் ஊசியால் ஒரு துளை இட்டிருக்கிறார்கள். கிழிந்த சீவல் எது என்பதையும் மறைக்காமல் தாளில் குறித்துத் தருகிறார்கள்.

குழாயில் அடைத்து நெருக்கடிக்கு உள்ளாக்கிய சுண்டெலிகளில், 90 நிமிடத்திற்குப் பின் எடுத்த மூளைகளின் சி-ஃபாஸ் (சற்றுமுன் தூண்டப்பட்ட நியூரான்களைக் காட்டும் புரதம்) சாயம், செல் உட்கருக்களில் பின்னணிக் கறை இன்றித் தெளிவாக விழுந்திருந்தது. சி.ஆர்.ஹெச். சாயத்தைப் பற்றி அவர்கள் முன்கூட்டியே எச்சரித்தது பாராட்டுக்குரியது: அந்தப் பெப்டைடு ஹார்மோன், ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியான மீடியன் எமினன்ஸில் உள்ள நரம்பு முனைகளுக்கு விரைந்து கடத்தப்படுவதால் செல் உடல்கள் வெளிறித் தெரியும் என்றும், இந்நியூரான்களில் சிவப்பு ஒளிர்புரதம் உருவாகும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளே ஏற்றவை என்றும், பணம் வாங்கும் முன்பே சொல்லிவிட்டார்கள்.

குறை ஒன்று உண்டு. தேடும் மூலக்கூறுடன் நேரடியாக ஒட்டும் முதல்நிலை ஆன்டிபாடி இடாத ஒப்பீட்டுத் தகட்டைக் கேட்டால்தான் தருகிறார்கள். அது இல்லாமல் எந்தச் சாயத்தையும் மெய்யென்று ஏற்க இயலாது என்பதால், ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். சாயமேற்றாத உபரித் தகடுகள் உலர்பனிப் பெட்டியில் வருகின்றன; சென்னையின் ஈரக்காற்றில் உடனே திறந்தால் சீவல்கள்மேல் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால், தகட்டு உறை அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும்.