ஹெசரகட்டா சாலைக் கோழிக் கடை: பெட்டை என்று விற்பது பெட்டைதானா?

பெங்களூருவில் மொட்டை மாடியிலும் வீட்டுக் கொல்லையிலும் நாலைந்து கோழிகள் வளர்ப்போருள் பெரும்பாலோர் தேடுவது முட்டையிடும் பெட்டைகளை மட்டுமே. முட்டைக்குச் சேவல் தேவையில்லை. விடியுமுன்னே கூவத் தொடங்கும் சேவலை அடுத்த வீட்டார் பொறுத்துக்கொள்வதும் இல்லை. ஆகவே ஹெசரகட்டா சாலையில் உள்ள இந்தச் சிறிய கோழிக் கடையை, பெட்டை என்று சொல்லிக் கொடுப்பது பெட்டையாகவே வளர்கிறதா என்ற ஒரே கேள்வியை வைத்து மதிப்பிடுகிறேன். பத்து வாரம் தாண்டிய விடைக்கோழிகளை, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகளை, பொறுத்தவரை தாராளமாக நம்பலாம். ஒரு நாள் குஞ்சுகளைப் பொறுத்தவரை நம்ப வேண்டாம்.

கடைக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர் என்பதால் தமிழிலேயே பேசி வாங்கலாம். கேட்ட கோழியைக் கூண்டிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, "கொண்டைய மட்டும் பாத்து வாங்காதீங்க சார்" என்று சொல்லி, வாலுக்குச் சற்று முன்னே முதுகில் படிந்திருக்கும் இறகுகளை விரலால் விலக்கிக் காட்டுகிறார். இளஞ்சேவலுக்கு அவ்விடத்தில் புதிதாக முளைக்கும் இறகுகள் ஒடுங்கி, நீண்டு, பளபளத்து, கூரிய நுனியோடு இருக்கும்; பெட்டைக்கு அவை அகன்று, நுனி வட்டமாக இருக்கும். கழுத்து இறகிலும் இதே வேறுபாடு உண்டு. ஒரே வயதுடைய இரண்டு கோழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் காட்டியபோது, கண்ணாடி போடாமலே எனக்கு அது தெரிந்தது.

கொண்டை முற்றிலும் பயனற்ற அடையாளம் என்று இதற்குப் பொருளில்லை. பல இனங்களில் ஆறேழு வாரத்திலேயே சேவலின் கொண்டையும் தாடியும் பெருத்துச் சிவக்கத் தொடங்க, பெட்டையுடையவை வெளிறிய மஞ்சளாகவே நிற்கும். ஆனால் இக்கடையில் அதிகம் விற்கும் கடக்நாத் என்ற கருங்கோழி இனத்தில் கொண்டையே கருத்து ஊதா பாய்ந்திருப்பதால் சிவப்பைத் தேடிப் பயனில்லை. அசில் என்ற சண்டைக்கோழி இனத்துக்குக் கொண்டை இயல்பிலேயே சிறியது; அதன் பெட்டையும் நெஞ்சை நிமிர்த்திச் சண்டைக்கு நிற்கும் என்பதால் நடையும் நிமிர்வும்கூட ஏமாற்றும். காலில் முள் இருந்தால் சேவல் என்பதும் முழுக்க உறுதியானதன்று. வயதான பெட்டைகள் சிலவற்றுக்கும் முள் வளரும். இவற்றையெல்லாம் கேட்காமலே எடுத்துச் சொல்லும் கடைக்காரரை நகரத்தில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

அதே மனிதர் ஒரு நாள் குஞ்சுப் பெட்டியின்மேல் 'பெட்டைக் குஞ்சு' என்று எழுதி வைத்துக் கூடுதல் விலை கேட்பதுதான் எனக்கு விளங்கவில்லை. காரணம் கேட்டால் இறக்கையை விரித்து இறகு நீளத்தைக் காட்டுகிறார். மெதுவாக இறகு முளைக்கும் தாயையும் விரைவாக முளைக்கும் தந்தையையும் திட்டமிட்டுச் சேர்த்த வணிகக் கலப்பினங்களில்தான் அம்முறை செல்லும். கலந்து திரியும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் அதற்குப் பொருளே இல்லை. கழிவுத் துவாரத்தைத் திறந்து பார்த்துப் பிரிக்கும் முறை 1920களில் ஜப்பானில் உருவானது. அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும், பழகாத கை பட்டால் குஞ்சின் குடலே காயப்படும். அந்தப் பயிற்சி உள்ளவர் யாரும் இக்கடையில் இல்லை. எனவே பெட்டியில் இருப்பவற்றில் ஏறத்தாழப் பாதி சேவலாகத்தான் இருக்கும், கூடுதல் விலை வீண்.

விடைக்கோழியின் விலை குஞ்சைப்போலப் பல மடங்கு என்றாலும், தீவனச் செலவையும் குஞ்சுகளுக்கு விளக்கு வெப்பம் கொடுக்கும் தொல்லையையும் கணக்கிட்டால் அது நியாயமே. தடுப்பூசி போட்ட தேதிகளை ஒரு சீட்டில் எழுதித் தருகிறார்கள். வண்டி நிறுத்த இடமில்லை.

வாங்கிய கோழி கூவினால் மாற்றித் தருவதாக உறுதி சொல்கிறார்கள், சொன்னபடி செய்கிறார்கள். ஆனால் திருப்பிக் கொடுத்த சேவலைத் தனியே வைக்காமல் விற்பனைக் கூண்டிலேயே விடுவதை நேரில் பார்த்தேன். வெள்ளைக்கழிச்சல் என்ற கோழித் தொற்றுநோய் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக இந்த ஒரு வழியே போதும். இங்கே வாங்கும் கோழியை, கடைக்காரர் எவ்வளவு தைரியம் சொன்னாலும், குறைந்தது இரண்டு வாரமாவது தனிக் கூண்டில் வைத்துவிட்டுப் பிறகு மற்றவற்றோடு சேருங்கள்.