சி-ஸ்பேன்: பழமைவாதம் பேசும் ஒரு பள்ளி மாணவனுக்கு எந்த அளவுக்குப் பயன்படுகிறது?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் பேச்சு, விவாதப் போட்டிகளில் போட்டியாளர்களின் பெற்றோரையே நடுவர்களாக உட்கார வைப்பது வழக்கம். அப்படி நடுவராக இருந்து கேட்டதில், தங்களைப் பழமைவாதிகள் என்று சொல்லிக்கொள்ளும் மாணவர்களிடையே ஒரு தெளிவான வேறுபாட்டைக் கவனித்து வருகிறேன். ஒரு சாரார் கைப்பேசியில் பார்த்த ஒரு நிமிடக் காணொலியின் சூடான வரிகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். எதிரணி ஒரு குறுக்குக் கேள்வி கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. இன்னொரு சாரார், எந்த நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் யார் என்ன சொன்னார், அதற்கு மறுதரப்பு என்ன பதில் கொடுத்தது, கடைசியில் வாக்கு எப்படி விழுந்தது என்று அடுக்கிச் சொல்கிறார்கள். அவர்களிடம் எங்கே பார்த்தாய் என்று விசாரித்தால், பெரும்பாலும் சி-ஸ்பேன் என்றுதான் பதில் வரும். அமெரிக்க நாடாளுமன்ற நிகழ்ச்சிகளை வெட்டாமல் அப்படியே காட்டும் தொலைக்காட்சிச் சேவை அது.

ஓஹாயோ மாநிலத்தில் பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகனும் பழமைவாதச் சிந்தனை உடையவன். அரசாங்கம் சிறியதாக இருக்க வேண்டும், வரவுக்குள் செலவு செய்ய வேண்டும், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையில் கை வைக்கக் கூடாது, பிள்ளை எந்தப் பள்ளியில் படிப்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும் என்பவை அவனுடைய உறுதியான கருத்துகள். அவற்றுள் சிலவற்றில் எனக்கு உடன்பாடு உண்டு, சிலவற்றில் இல்லை. ஆனால் அவன் எந்தக் கருத்தைக் கொண்டாலும் அதற்குக் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அந்தத் தேவையை முன்வைத்தே இந்தச் சேவையை இங்கே மதிப்பிடுகிறேன்.

பிரையன் லாம்ப் என்பவரின் முயற்சியால் 1979 மார்ச் 19 அன்று, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் கூட்டத்தை நேரடியாக ஒளிபரப்பி சி-ஸ்பேன் தொடங்கியது. 1986-இல் நாடாளுமன்றத்தின் மற்றோர் அவையான செனட் சபைக்கென இரண்டாவது அலைவரிசையும், 2001-இல் மூன்றாவது அலைவரிசையும் வந்தன. இது இலாப நோக்கற்ற நிறுவனம். அரசு மானியம் கிடையாது. கேபிள், செயற்கைக்கோள் நிறுவனங்கள் தங்கள் சந்தாதாரர் எண்ணிக்கைக்கு ஏற்பச் செலுத்தும் சிறு கட்டணத்தில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. பொது ஒலிபரப்புக்கான சுமார் 110 கோடி டாலர் நிதியை நாடாளுமன்றம் 2025 ஜூலையில் திரும்பப் பெற்றபோது, வரிப்பணம் இல்லாமல் பொதுப்பணி நடக்குமா என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. நடக்கும் என்பதற்கு மகன் காட்டிய சான்று சி-ஸ்பேன்தான். அது நியாயமான சான்று என்றே எனக்கும் பட்டது.

பழமைவாத இயக்கத்துக்கும் இந்த அலைவரிசைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1984-இல், பழமைவாதத்தை முன்னிறுத்தும் குடியரசுக் கட்சியின் உறுப்பினர் நியூட் கிங்ரிச்சும் அவருடைய சகாக்களும், அன்றைய அலுவல்கள் முடிந்து உறுப்பினர்கள் வெளியேறிய பிறகு கிடைக்கும் சிறப்புப் பேச்சு நேரத்தைப் பயன்படுத்தி, காலி இருக்கைகளுக்கு முன்னால் நின்று, தொலைக்காட்சி பார்க்கும் மக்களை நோக்கியே பேசினார்கள். கோபமுற்ற ஜனநாயகக் கட்சிச் சபாநாயகர் டிப் ஓ'நீல், முன்னறிவிப்பு இல்லாமல் கேமராவைத் திருப்பி வெறிச்சோடிய அவையைக் காட்டச் செய்தார். அதைத் தொடர்ந்து மூண்ட வாக்குவாதத்தில் சபாநாயகரின் சொற்களே விதிமீறல் என்று தீர்ப்பானது. பத்தாண்டுகள் கழித்துக் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்ற, கிங்ரிச் சபாநாயகரானார். பெரிய ஊடகங்கள் தங்களுக்கு இடம் தருவதில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் இளம் பழமைவாதிகள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அப்போது கிங்ரிச் குழுவினருக்குக் கிடைத்தது யாரும் வெட்டாத நேரம் மட்டுமே.

வெட்டாமல் காட்டுவதன் மதிப்பு எனக்கு முழுமையாக விளங்கியது, 2011 அக்டோபர் 5 அன்று செனட் நீதித்துறைக் குழுவின் முன் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆன்டனின் ஸ்கேலியாவும் ஸ்டீபன் பிரெயரும் சேர்ந்து அமர்ந்து பேசிய பதிவைப் பார்த்தபோதுதான். ஸ்கேலியா பழமைவாதிகளின் ஆதர்சம், பிரெயர் மறுதரப்பான தாராளவாதிகளின் பக்கம். அமெரிக்காவைச் சுதந்திர நாடாக வைத்திருப்பது எது என்று மாணவர்களைக் கேட்டால் பேச்சுரிமை, எழுத்துரிமை என்று உரிமைப் பட்டியலைச் சொல்வார்கள். ஆனால் பழைய சோவியத் ஒன்றியத்தின் அரசியலமைப்பில் அதைவிட அழகான உரிமைப் பட்டியல் இருந்தது. அதிகாரம் ஓரிடத்தில் குவியாதபடி தடுக்கும் அமைப்பு இல்லாவிட்டால் அந்தப் பட்டியல் வெறும் காகிதம் என்று ஸ்கேலியா விளக்குகிறார். இரண்டு அவைகள், தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் அதிபர், எளிதில் சட்டம் இயற்ற முடியாத முட்டுக்கட்டை ஆகிய எல்லாம் குறையல்ல, காப்பு என்பது அவர் வாதம். இந்தப் பகுதி மட்டும் சிறு துணுக்காக இணையமெங்கும் சுற்றுகிறது. ஆனால் முழு விசாரணையையும் உட்கார்ந்து பார்க்கும் மாணவன், பக்கத்தில் இருக்கும் பிரெயர் எங்கே ஒத்துப்போகிறார், எங்கே விலகுகிறார் என்பதையும், கருத்தில் எதிரெதிராக நிற்கும் இருவர் எவ்வளவு மதிப்போடு பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் காண்கிறான். துணுக்கைப் பார்த்தவனுக்கு ஒரு முழக்கம் கிடைக்கிறது. முழுவதையும் பார்த்தவன் அடுத்த முறை "நாடாளுமன்றம் எதையும் செய்வதே இல்லை" என்று புலம்புவதற்கு முன் ஒரு கணம் யோசிப்பான்.

தன் கட்சி ஒரே குரலில் பேசுகிறது என்ற எண்ணத்தையும் இந்தச் சேவை தகர்த்துவிடுகிறது. மத்திய அரசின் கடன் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டிப் போய்விட்ட நாட்டில், அரசு எவ்வளவு வரை கடன் வாங்கலாம் என்ற கடன் உச்சவரம்பு குறித்த விவாதம் பழமைவாத இளைஞர்களுக்கு உயிரான விஷயம். 2023 மே 31 இரவு அது பற்றிய சமரச மசோதா பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்குப் பதிவு நடக்கும்போது திரையில் கட்சிவாரியாக ஆதரவு, எதிர்ப்பு, வாக்களிக்காதோர் என்று எண்கள் ஏறிக்கொண்டே இருக்கும். வர்ணனையாளர் எவரும் இருக்க மாட்டார். முடிவில் 314 பேர் ஆதரவு, 117 பேர் எதிர்ப்பு. குடியரசுக் கட்சியில் 149 பேர் ஆதரிக்க, 71 பேர் எதிர்த்தார்கள். அதை ஆதரித்த ஜனநாயகக் கட்சியினர் 165 பேர், அதாவது குடியரசுக் கட்சியினரைவிட அதிகம். செலவைக் குறைக்க வேண்டும் என்பதில் ஒன்றாக நிற்பவர்கள், கிடைத்த சமரசத்தை ஏற்பதா மறுப்பதா என்பதில் எப்படிப் பிரிந்தார்கள் என்பதற்கு இரு தரப்பின் பேச்சும் பதிவில் இருக்கிறது. இரண்டையும் கேட்ட ஒரு மாணவன், நான் பழமைவாதி என்று சொன்னால் மட்டும் போதாது, இந்த மசோதாவுக்கு நீ என்ன வாக்களித்திருப்பாய் என்ற கேள்விக்கும் பதில் தயாரிக்க வேண்டியிருக்கிறது.

காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை ஒளிபரப்பாகும் 'வாஷிங்டன் ஜர்னல்' நிகழ்ச்சியைப் பற்றி எனக்குக் கலவையான அபிப்பிராயம்தான். 1995 முதல் நடக்கும் இந்நிகழ்ச்சியில் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி, சுயேச்சை எனத் தனித்தனித் தொலைபேசி எண்கள் கொடுத்து மக்களைப் பேச விடுகிறார்கள். ஒருவர் முப்பது நாளைக்கு ஒரு முறைதான் அழைக்கலாம். தொகுப்பாளர் தம் கருத்தை வெளிக்காட்டுவதில்லை. அந்த ஒழுங்கு பாராட்டத்தக்கது; ஒரு விவசாயியும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் லாரி ஓட்டுநரும் அடுத்தடுத்துப் பேசுவதைக் கேட்பது ஒரு நல்ல பாடம். ஆயினும் அழைப்பவர் சொல்லும் தவறான தகவல் பல நேரம் திருத்தப்படாமலே போய்விடுகிறது. பள்ளிப் பிள்ளை இதைக் கேட்டால் யாராவது பக்கத்தில் இருந்து, அது அவருடைய கருத்து, உண்மையா என்று தேடிப் பார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1983-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பங்கேற்ற ஒரு தொலைபேசி நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அதிபர் ரொனால்ட் ரேகன் தாமே அழைத்து அவர்களோடு பேசியதும் இதே அலைவரிசையில்தான். ரேகனைப் போற்றும் இன்றைய மாணவர்களுக்கு அது இனிக்கும் செய்தி.

உண்மையான புதையல் இணையத்தில் உள்ள காணொலிக் காப்பகம். 1987 முதலான பதிவுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. பேசியவரின் பெயரைக் கொடுத்துத் தேடலாம். இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கினால், தேவையான பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துத் தனித் துணுக்காகச் சேமித்துக்கொள்ளலாம். போட்டிக்குத் தயாராகும் மாணவனுக்கு இது பேருதவி, ஏனெனில் மேற்கோள் சரியா என்று நடுவர் கேட்டால் முழுப் பதிவையே காட்டலாம். ஆனால் பேச்சின் எழுத்து வடிவம் நேரடி ஒளிபரப்பின்போது திரையில் ஓடும் எழுத்துகளிலிருந்து எடுக்கப்படுவதால் பிழைகள் மலிந்திருக்கின்றன. பெயர்கள் சிதைகின்றன, யார் பேச்சு எங்கே முடிகிறது என்பது சில இடங்களில் குழம்புகிறது. அதை அப்படியே நகலெடுத்து மேற்கோள் காட்டும் மாணவன் மாட்டிக்கொள்வான். காதால் கேட்டுச் சரிபார்த்த பிறகே எடுத்தாள வேண்டும்.

பலரும் அறியாத ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். அவைக்குள் இருக்கும் கேமராக்கள் சி-ஸ்பேனுக்குச் சொந்தமானவை அல்ல. அவற்றை இயக்குவது நாடாளுமன்றமே. எனவே பேசுபவரின் முகம்தான் தெரியும். எதிரே இருப்பவர் தலையசைத்தாரா, அவை காலியாக இருந்ததா என்பதெல்லாம் பெரும்பாலும் தெரியாது. 2023 ஜனவரியில் கெவின் மெக்கார்த்தியைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்க 15 சுற்று வாக்கெடுப்பு நடந்த நாள்கள் போன்ற சில சமயங்களில் மட்டும் சி-ஸ்பேனின் சொந்தக் கேமராக்கள் அனுமதிக்கப்பட்டன. மூலையில் நடந்த பேரம், இரு கட்சியினரும் தலைகுனிந்து கிசுகிசுத்தது, கைகலப்பின் விளிம்புக்குப் போனது என எல்லாவற்றையும் நாடு பார்த்தது. சபாநாயகர் தேர்வு முடிந்ததும் பழைய ஏற்பாடே திரும்பி வந்துவிட்டது. அந்த நாள்களின் பதிவைப் பார்த்தவர்களுக்கு, மற்ற நாள்களில் எவ்வளவு மறைகிறது என்பது புரியும். உச்ச நீதிமன்றத்திலோ கேமராவுக்கே இடமில்லை. 2020 மே மாதம் முதல் வாதங்களின் ஒலியை மட்டும் நேரலையில் கேட்க முடிகிறது. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது பற்றிய 2023 தீர்ப்பு, அரசுத் துறைகளின் அதிகாரத்தைச் சுருக்கிய 2024 தீர்ப்பு போன்றவை பழமைவாத மாணவர்கள் மிகுதியாகப் பேசுபவை. அவற்றின் வாதங்களை நீதிபதிகளின் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டே காதால்தான் கேட்க வேண்டும். இது சி-ஸ்பேனின் குற்றமன்று. அனுமதி கேட்டு நீண்ட காலமாகப் போராடி வருவதும் அவர்களே.

செலவு என்று பார்த்தால், அவைக் கூட்டங்களையும் அரசு நிகழ்ச்சிகளையும் இணையத்திலும் செயலியிலும் காசில்லாமல் பார்க்கலாம். மூன்று அலைவரிசைகளையும் முழுநேரமாகப் பார்க்கக் கேபிள் சந்தா போன்ற ஏதாவது ஒன்று வேண்டும். ஒரு மாணவனுக்கு அது அவசியமில்லை.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடத்தப்படும் 'ஸ்டூடன்ட்கேம்' ஆவணப்படப் போட்டியையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். ஐந்தாறு நிமிடப் படத்தில் சி-ஸ்பேன் பதிவு ஒன்றையாவது பயன்படுத்த வேண்டும். மாற்றுக் கருத்தையும் காட்டியாக வேண்டும். பரிசுத் தொகையைவிட அந்த இரண்டாவது நிபந்தனையே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. துப்பாக்கி உரிமையை ஆதரித்துப் படம் எடுக்கும் பிள்ளை, கட்டுப்பாடு கோருபவரின் வாதத்தை அவருடைய வாயாலேயே கேட்க வைக்க வேண்டும் என்ற கட்டாயம், பள்ளிப் பாடத்தில் கூட அவ்வளவாக இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. பெற்றோர் விரும்பும் பள்ளியைத் தேர்ந்தெடுக்க அரசு பணம் தருவதா, பாடத்திட்டத்தில் எதைச் சேர்ப்பது, சொத்து வரி எவ்வளவு என்பவை பெரும்பாலும் வாஷிங்டனில் முடிவாவதில்லை. மாநிலத் தலைநகரங்களிலும் உள்ளூர் அமைப்புகளிலும்தான் முடிவாகின்றன. அதிகாரம் மாநிலங்களிடம் இருக்க வேண்டும் என்று வாதிடும் பழமைவாத மாணவன் வாஷிங்டனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் தன் கொள்கைக்கு அவனே நியாயம் செய்யவில்லை. ஓஹாயோவில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கான உதவித்தொகை 2023-இன் மாநில வரவு செலவுத் திட்டத்தின் மூலம் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அந்த விவாதத்தைச் சி-ஸ்பேனில் தேடிப் பயனில்லை. அதற்கு எங்கள் மாநிலத்தில் 'ஓஹாயோ சேனல்' இருக்கிறது. மாநில அவைகளின் கூட்டங்களோடு மாநில உச்ச நீதிமன்ற வாதங்களையும் காணொலியாகவே காட்டுகிறார்கள். எல்லா மாநிலங்களும் இப்படி இல்லை. கலிபோர்னியாவில் இதே வேலையைச் செய்துவந்த கேபிள் அலைவரிசை 2019-இல் மூடப்பட்டது. இந்தச் சேவையைத் தங்கள் பிள்ளைக்கு அறிமுகப்படுத்தும் பெற்றோர், தங்கள் மாநிலத்தில் இதற்கு இணையானது எது என்பதையும் அன்றே தேடிக் கொடுத்துவிடுவது நல்லது.