லேபிளில் 90 வாட், உள்ளே 65: லேப்டாப் அடாப்டர் வாங்கும் முன் பெருக்கிப் பாருங்கள்

செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்குகிறவர்களும், அடாப்டர் போய்விட்டதென்று மாற்று வாங்குகிறவர்களும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். 90 வாட் கேட்கும் மெஷினுக்கு 65 அல்லது 45 வாட் அடாப்டரைத் தலையில் கட்டிவிடுவார்கள். "பின் பொருந்துது, வோல்ட் அதேதான், சார்ஜும் ஏறுது பாருங்க" என்பார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் சும்மா திறந்து வைத்திருக்கும் லேப்டாப் இழுப்பது பத்துப் பதினைந்து வாட். அதை எந்த அடாப்டரும் தாங்கும்.

வேலை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். சார்ஜர் செருகியிருக்கும்போதே பேட்டரி சதவீதம் இறங்கும். வீடியோ கால் போட்டால் மெஷின் திணறும். டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸிலோ அதற்கும் கீழேயோ ஒட்டிக்கொண்டு நிற்கும். சில மாடல்களில் சார்ஜரைப் பிடுங்கியதும் வேகம் திரும்பிவிடும். அப்படியென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டரைத்தான். இதே அறிகுறிகளோடு சர்வீஸுக்குப் போனால் "பேட்டரி வீக், போர்டும் பார்க்கணும்" என்று சொல்லிப் புது பேட்டரியை விற்பவர்களும் இருக்கிறார்கள். பேட்டரி மாறும், பிரச்சினை மாறாது.

லேபிளைப் பார்க்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டை நம்பாதீர்கள். கீழே பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று ஒரு வரி இருக்கும். அதிலுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர் என்றால் 90 வாட். 3.34 ஆம்பியர் என்றால் 65. 2.31 என்றால் 45. மேலே 90 என்று அச்சடித்துவிட்டுக் கீழே 3.34 என்று விட்டுவைத்த லேபிளும் வரும். போலி அடிப்பவனுக்குப் பெருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்! பிறகு லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் இருக்கும் 'இன்புட்' வரியோடு ஒப்பிடுங்கள். வோல்ட் ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. கூடுதல் வாட் அடாப்டரால் கெடுதல் இல்லை. மெஷின் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும்.

இரண்டு எண்ணையும் சரியாக அச்சடித்த போலியும் உண்டு. டெல் போன்ற மெஷின்களில் பின்னின் நடுவிலுள்ள மெல்லிய ஊசி வழியாக அடாப்டர் தன் வாட்டைச் சொல்லும். தகவல் வராவிட்டால், மெஷினை ஆன் செய்யும்போதே அடாப்டரை அடையாளம் தெரியவில்லை என்று எச்சரிக்கை வரும். பேட்டரி சார்ஜ் ஆகாது, வேகமும் குறையும். பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் மெஷினின் செட்டிங்ஸ் திரை) பேட்டரி தகவல் பக்கத்தைத் திறந்தால் பல மாடல்களில் அடாப்டரின் வாட் தெரியும். வாங்கும் இடத்திலேயே அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

நேர்மையான 65 வாட் அடாப்டர் அவ்வளவு ஆபத்தில்லை. அடாப்டரின் வாட்டைக் கேட்டறியும் மெஷின் என்றால் அதற்கேற்பத் தன் இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு மெஷினை அணைத்துவிட்டு அதில் சார்ஜ் போடலாம். பயப்பட வேண்டியது '90' என்று பொய் சொல்லும் அடாப்டருக்குத்தான். மெஷின் அதை நம்பி முழு மின்சாரத்தையும் இழுக்கும். பாதுகாப்பு சர்க்யூட் இருந்தால் அடாப்டரின் விளக்கு அணைந்து, சுவரிலிருந்து பிடுங்கிச் செருகினால்தான் திரும்ப வரும். அது இல்லாவிட்டால் வோல்ட் தாழும், பெட்டி கை வைக்க முடியாத அளவு சுடும், உள்ளே கப்பாசிட்டர் உப்பும். கருகிய வாடை வந்தால் உடனே சுவரில் சுவிட்சை அணைத்துப் பிடுங்குங்கள்.

டைப்-சி லேப்டாப்பில் பொறி வேறு மாதிரி. போனுக்கான '65 வாட்' வேக சார்ஜர் சில, அந்த எண்ணைத் தன் சொந்தப் போனுக்கு மட்டும் 10 வோல்ட், 6.5 ஆம்பியராகத் தரும். லேப்டாப்புக்கு அது உதவாது. லேபிளில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று தனியாக இருக்கிறதா பாருங்கள். இரண்டு மூன்று போர்ட் உள்ள சார்ஜரில் இன்னொரு போனைச் செருகினாலே லேப்டாப்பின் பங்கு குறைந்துவிடும். கேபிளும் கணக்கில் உண்டு: சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான், அதாவது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள்.